சுள்ளா, சுரீரா?

1

என் கை செத்துப்போய்விட்டது என்று மேலப்பாளையத்தில் பேசிக்கொள்கிறார்களாம். போன வாரம் ஊரிலிருந்து துணி எடுக்க வந்த ஒரு பெண்பிள்ளை, தாராவியில் எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே என் வலது கையைத்தான் பார்த்தாள். அதே கையால் டீ கிளாஸை நீட்டினேன். கபர்க்குழியிலிருந்து ஒரு கை எழுந்து வந்து டீ கொடுத்த மாதிரி முழித்தாள்.

"மைமூன் லாத்தா, கை நல்லாத்தானே இருக்கு? செத்துப் போச்சுன்னுல்லா ஊர்ல சொன்னாவ!"

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அதனால் நடந்ததை நானே எழுதுகிறேன். எட்டாவது வரை படித்தவள் எழுத்து. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கல்யாணமாகி பம்பாய் வந்தேன். என் வீட்டுக்காரர் தாராவியில் தையல் கார்கானா வைத்திருக்கிறார். கார்கானா என்றதும் பெரிய ஆலை என்று நினைத்துவிட வேண்டாம். கீழே தையல் மெஷின்கள், மேலே பரணில் நாங்கள் என்று ஒரே அறைதான். அவர் வெட்டுவார், ஆட்கள் தைப்பார்கள், நான் காஜா எடுப்பேன். பட்டன் நுழைகிற ஓட்டையைச் சுற்றி நூலால் கரை கட்டுவதுதான் காஜா. மெஷின் காஜா வந்து வெகு காலமாகிவிட்டது. ஆனாலும் நல்ல குர்தாவுக்குக் கைக்காஜாதான் கேட்கிறார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை, என் காஜாவை உள்பக்கம் திருப்பிப் பார்த்தாலும் வெளிப்பக்கம் மாதிரியே இருக்கும்.

அந்த வேலைக்குக் கண் பாதிதான். மீதி இடது கை விரல் நுனி. துணிக்கு அடியில் ஊசிமுனை எங்கே வருகிறது என்று விரல்தான் பார்க்கும். அந்த விரல்தான் என்னை விட்டுப் போனது.

2

முதலில் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. நெல்லிக்காய் பருமன். வலிக்கவே இல்லை. வலித்திருந்தால் முன்னமே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பேன். வலிக்காத ஒன்றுக்கு வேலையைப் போட்டுவிட்டு வரிசையில் போய் நிற்க யாருக்கு மனசு வரும்? கடைசியில் இவர்தான் கையைப் பிடித்து இழுத்துப் போனார். கேன்சர் என்றார்கள். நிணநீர்க் கட்டியில் வருகிற வகையாம், மருந்துக்குக் கட்டுப்படுமாம்.

ஊசி வழியாக நரம்பில் மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது, வாயெல்லாம் புண். நோன்பு பிடிக்க முடியாமல் ஒரு ரமலான் போனது. அதையெல்லாம் இங்கே விரிக்கப் போவதில்லை. கட்டி கரைந்துவிட்டது. அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் கட்டி போகும்போது விரல்களையும் கூட்டிக்கொண்டு போனது. நுனிகளில் எறும்பு ஊர்வது மாதிரி இருந்தது முதலில். பிறகு எறும்பும் போய்விட்டது. கையுறை மாட்டிக்கொண்டு உலகத்தைத் தொடுவது போல ஆகிவிட்டது. பாதமும் அப்படியே. ஒரு நாள் சயான் ஸ்டேஷன் பாலத்தில் இறங்கி வீடு வந்து சேர்ந்தபோது ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. மற்றது எங்கே கழன்றது என்று எனக்குத் தெரியாது. வெறுங்காலோடு தார்ரோட்டில் நடந்திருக்கிறேன், பாதம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இனி அந்த "செத்துப்போன" கதைக்கு வருகிறேன்.

மகள் நஸீமாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பத்தாவது படிக்கிறாள். பம்பாயிலேயே பிறந்தவள், தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பாள், கோபப்படுவது இந்தியில்தான். டாக்டருக்குத் தமிழ் தெரியாது, எனக்குத் தெரிந்த இந்தி காய்கறிக்கும் ரயிலுக்கும்தான் காணும்.

"ஏளா, கை மரத்துப் போச்சுன்னு சொல்லு" என்றேன்.

அவள் ஒரு நொடி யோசித்தாள். பிறகு கண் கலங்க டாக்டரிடம் சொன்னாள்: "அம்மீ போல் ரஹீ ஹை, ஹாத் மர் கயா."

இந்தியில் 'ஹாத்' கை, 'மர் கயா' என்றால் செத்துப்போய்விட்டது. மரத்ததற்கும் மர் கயாவுக்கும் எழுத்து ஒன்றுதான், உயிர் வேறு. பிள்ளை அந்த ஓசையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டது. டாக்டர் என் கையைத் தூக்கினார், மடக்கினார், விரலை நீட்டச் சொன்னார். எல்லாம் அசைந்தது. "கஹாம் மரா? ஜிந்தா ஹை!" என்று சிரித்து, உயிரோடுதான் இருக்கிறது, பயப்படாதே என்று அனுப்பிவிட்டார்.

நஸீமா வாப்பாவிடம் வந்து அழுதாள். அவர் பதறிப்போய் ஊருக்கு டிரங்க் கால் போட்டார். இரைச்சலில் "கை" என்பதும் "செத்துப்போச்சு" என்பதும் மட்டும் மேலப்பாளையம் போய்ச் சேர்ந்தன. மிச்சத்தை ஊர்க்காரர்களே சேர்த்துக்கொண்டார்கள்.

3

அடுத்த முறை நானே பேசுவது என்று தீர்மானித்தேன். பக்கத்து வீட்டு உத்தரப்பிரதேசக்காரியிடம் சரியான வார்த்தையைக் கேட்டு வைத்துக்கொண்டேன். மரத்துப்போவதற்கு இந்தியில் 'சுன்'. வழி நெடுக ஓதிக்கொண்டே போனேன். டாக்டர் முன்னால் இரண்டு கையையும் நீட்டி, கணீரென்று சொன்னேன்.

"டாக்டர் சாப், சுன்! சுன்!"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "சுன் ரஹா ஹூம் பாயீ, போலோ தோ!"

'சுன்' என்றால் 'கேள்' என்றும் அர்த்தமாம். கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், சொல்லம்மா என்கிறார். நான் இன்னும் பலமாக சுன், சுன் என்கிறேன். வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்து, தமிழிலேயே கத்திவிட்டேன்: "கை மரத்துப் போச்சுய்யா!"

அப்போது மருந்துத் தட்டோடு போன ஒரு நர்ஸ் நின்றாள். மலையாளப் பெண். "மரவிப்பாணோ சேச்சி?" என்றாள். மரவிப்பு! அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழவேண்டும் போல இருந்தது. அவள் இங்கிலீஷில் டாக்டரிடம் சொன்னாள். அவர் உடனே பஞ்சாலும் குண்டூசியாலும் விரல் விரலாகத் தொட்டுப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. கட்டியைக் கரைத்த மருந்தே நரம்பு நுனிகளையும் கெடுத்திருக்கிறது என்றார். மெதுவாகத் திரும்பலாம், முழுசாகத் திரும்பாமலும் போகலாம், இதற்கென்று மருந்து இல்லை என்றார். ஒளிக்காமல் சொன்னதற்கு அவரிடம் எனக்கு மரியாதைதான்.

4

வீட்டில் எனக்கு வேலை இல்லாமல் போனது. பிடிவாதமாக ஒரு வெள்ளைக் குர்தாவை எடுத்து காஜா போட்டேன். முடித்துத் திருப்பினால் துணியெங்கும் சிவப்புப் புள்ளிகள். ஊசி இடது விரலைக் குத்திக் குத்தி எடுத்திருக்கிறது. ஒரு குத்துக்கூட எனக்குத் தெரியவில்லை. இவர் துணியை வாங்கி மடித்து ஓரமாக வைத்தார். திட்டியிருந்தால் தேவலை.

பத்து வீட்டுக்குக் காஜா எடுத்தவள், என் ரவிக்கைப் பட்டனை மகளிடம் கொடுத்துப் போட்டுக்கொண்டேன். அதைவிடக் கேவலம் வேறு இல்லை என்று அன்று நினைத்தேன்.

பெரிய மச்சான், அதாவது இவருடைய அண்ணன், ஊரிலிருந்து போனில் இவரிடம் பேசினார், குரல் எனக்கே கேட்டது. நல்ல மனுஷர். ஆனால் முடிவெடுத்த பிறகுதான் யோசிப்பார்.

"மைமூனை இங்க கொண்டாந்து விட்டுருடே. ரூமு ஒழிச்சு வச்சாச்சு. கெடக்கட்டும், நம்ம பாத்துக்கிடலாம். பம்பாய்ல அவளுக்கு இனி என்ன சோலி?"

கெடக்கட்டும். அந்த ஒரு வார்த்தை என்னைச் சுட்டது. விரலில் தெரியாத சூடெல்லாம் அங்கே தெரிந்தது. நோயாளிக்கு என்று ஒழித்த அறைக்குள் போனால், நோய் போனாலும் அந்த அறை என்னை விடாது. வருகிறவர்கள் எட்டிப் பார்த்து உச்சுக்கொட்டுவார்கள், நானும் நாளடைவில் உச்சுக்கொட்டப் பழகிவிடுவேன். நான் போனை வாங்கினேன்.

"மச்சான், ஹஜ்ஜுப் பெருநாள் முடிஞ்சு நீங்க சரக்கெடுக்க வருவியல்லா? அப்ப உங்க முன்னால ஒரு குர்தாவுக்குக் காஜா எடுக்கேன். முடியலன்னா நீங்க சொன்ன ரூமுக்கு நானா வாரேன். முடிஞ்சா அந்த ரூமுல நெல்லு மூட்டையை அடுக்குங்க."

"சரிளா" என்றார். வாய் கொடுத்துவிட்டேன். கைதான் இல்லை.

5

செம்பூரில் அக்குபங்சர் செய்கிற ஒரு டாக்டரம்மாவைப் பற்றி அந்த மலையாள நர்ஸ்தான் சொன்னாள். மராத்திக்காரர், கொழும்பில் போய் இந்த வைத்தியத்தைப் படித்து வந்தவர். மருந்து கிடையாது, முடி மாதிரி மெல்லிய ஊசிகளை உடம்பில் செருகி வைப்பார்களாம்.

இவருக்குப் பிடிக்கவில்லை. "ஊசி போட்டுத்தானே கை இப்படி ஆச்சு? இன்னும் ஊசியா?"

"முள்ளை முள்ளாலதானே எடுக்கணும்? ஊசியால பொழைக்கிற குடும்பம் ஊசிக்குப் பயந்தா எப்படி?" என்றேன்.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டரிடம் கேட்டேன். ரத்தத்தைச் சோதித்துவிட்டு, கெடுதல் இல்லை, பலன் உண்டா என்று எனக்குத் தெரியாது என்றார். தெரியாது என்பதை நம்பிக்கைக்கு இடம் என்று எடுத்துக்கொண்டேன்.

டாக்டரம்மாவின் அறையில் ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனிக் கண்ணாடிக் குழாய், அதில் அவரவர் ஊசி, வேகவைத்து எடுத்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதையில் ஒன்று, விரல் இடுக்குகளில் சில, முழங்காலுக்குக் கீழே, கால்விரல் இடுக்கில். செருகிவிட்டு லேசாகத் திருகுவார். திருகும்போதெல்லாம் ஒரே கேள்விதான். "கைஸா லக்தா ஹை?" எப்படி இருக்கிறது? கனமாக இருக்கிறதா, இழுக்கிறதா, ஓடுகிறதா, எதுவரை ஓடுகிறது? நோயாளி சொல்வதை வைத்துத்தான் ஊசியை ஆழ்த்துவார் அல்லது திருப்புவார். சொல்லத் தெரியாதவளுக்கு இந்த வைத்தியம் பாதிதான் நடக்கும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

அடுத்த கட்டிலில் மாதுங்காவிலிருந்து முழங்கால் வலிக்கு வருகிற ஒரு மாமி. ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடு. "நீங்க சொல்லுங்கோ, நான் அவாகிட்ட சொல்றேன்" என்று ஆசையாக முன்வந்தார். முழங்கையில் மதமதவென்று இருந்தது, சொன்னேன். மாமி, "பெயின்" என்றார். கெண்டைக்காலில் விண்ணென்று தெறித்தது, சொன்னேன். "பெயின்." உள்ளங்கையில் குறுகுறுத்தது. "பெயின், டாக்டர், லாட் ஆஃப் பெயின்." டாக்டரம்மா பயந்துபோய் எல்லா ஊசியையும் உருவிவிட்டார். மாமியைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த இங்கிலீஷில் அவ்வளவுதான் இருந்தது போல.

எங்கள் வீட்டில் என் உம்மா தேள் கொட்டினால் கேட்கிற முதல் கேள்வி, "கடுகடுங்குதா, விண்ணு விண்ணுங்குதா?" என்பதுதான். நாங்கள் சொல்கிற வார்த்தையை வைத்துத் தேளா பூரானா என்று முடிவு கட்டுவாள். வார்த்தை மாறிப்போனால் வைத்தியம் மாறிப்போகும். அந்தக் கேள்வியையே இத்தனை வருஷம் கழித்து செம்பூரில் ஒரு மராத்திக்காரி கேட்கிறாள். பதில் என்னிடம் நிறைய இருந்தது. கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் ஆள் இல்லை.

நஸீமாவைக் கூப்பிட்டேன். ஹாத் மர் கயா விஷயத்துக்குப் பிறகு அவள் எனக்காகப் பேசவே மறுத்துவந்தாள். "நான் தப்பா சொல்லிருவேம்மா. எனக்கு உங்க தமிழ் வராது."

"உங்க தமிழா? யார்ளா உனக்குச் சொன்னது, இது என் தமிழ் மட்டும்னு?" கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். அவள் முகம் வாடியது. பிறகு செருப்பை மாட்டிக்கொண்டாள்.

பஸ்ஸில் போகும்போது பாடம் நடந்தது. நான் அவள் கையைக் கிள்ளுவேன், "இது சுள்." நகத்தால் கீறுவேன், "இது சுரீர்." அவள் கத்துவாள், கண்டக்டர் திரும்பிப் பார்ப்பார்.

"ரெண்டுக்கும் என்னம்மா டிஃபரன்ஸ்?"

"சுள் ஒரு எடத்துல நிக்கும். எறும்பு கடிச்சா சுள். சுரீர் ஓடும். பச்சை மொளகா கையோட கண்ணைத் தொட்டா சுரீர்."

"மதமதன்னா?"

"ஒரு பக்கமா படுத்து எந்திச்சா கை இருக்குமே."

"ஓ, அதுக்கு நாங்க ஜுன்ஜுனி சொல்வோம்." அவளே யோசித்து, "இல்ல. ஜுன்ஜுனி குறுகுறு. மதமத வேற" என்றாள்.

அதற்குப் பிறகு சிகிச்சை ஒழுங்காக நடந்தது. நான் சொல்வேன், அவள் கையை ஆட்டி, காற்றில் விரலை ஓட்டி, இந்தியில் நீளமாக விளக்குவாள். கொஞ்ச நாளில் டாக்டரம்மாவுக்கே அந்த விளக்கம் சலித்துவிட்டது. ஊசியைத் திருகிக்கொண்டு நேராக என்னைக் கேட்க ஆரம்பித்தார்: "மதமத் யா குருகுர்?" கொழும்பில் படித்தபோது அவர் தெரிந்துகொண்ட ஒரே தமிழ் வார்த்தை 'கொஞ்சம்'. அதையும் சேர்த்துக்கொண்டார். "கொஞ்சம் சுள்?"

"இல்ல டாக்டரம்மா. விரல்ல இன்னும் சுள் இல்ல."

சுள் வரவே இல்லை. முழங்கையில் எல்லாம் இருந்தது, மணிக்கட்டில் இருந்தது, விரல் இடுக்கு வரை குறுகுறுப்பு இறங்கி வந்தது. நுனிக்கு மட்டும் வரவில்லை. ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கியது. கைவிட்டுவிடலாமா என்று நினைத்த நாட்கள் உண்டு. அந்த நாட்களில் மேலப்பாளையத்து அறையை நினைத்துக்கொள்வேன். மறுபடி பஸ் ஏறிவிடுவேன். வீட்டில் ஒரு துண்டுத் துணியில், கண்ணாலேயே பார்த்துப் பார்த்து, காஜா எடுத்துப் பழகினேன். நத்தை வேகம்தான். தையல் கோணும். பிரிப்பேன், மறுபடி எடுப்பேன்.

6

பெரிய மச்சான் சொன்னபடி வந்துவிட்டார். சூட்கேஸைக் கீழே வைக்குமுன் நஸீமாவிடம் வழக்கமான வம்பு. "என்ன இந்திக்காரி, தமிழ் நெனப்பிருக்கா?" அவள் உதட்டைச் சுழித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சாப்பிட்டுக் கை கழுவியதும் அவரே ஆரம்பித்தார். "திரும்பிப் போற டிக்கெட்டை என்னோட சேத்து உனக்கும் எடுத்துரட்டுமா மைமூன்?"

நான் இவரைப் பார்த்தேன். இவர் எழுந்து போய், வெட்டித் தைத்து வைத்திருந்த வெள்ளைக் குர்தா ஒன்றைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். கலர்த் துணியாகக் கொடுத்திருக்கலாம், ரத்தம் தெரியாது. வெள்ளையைத்தான் கொடுத்தார். நான் தோற்பேன் என்று அவர் நினைக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

நாலு காஜா. நூலுக்கு மெழுகு தேய்த்து நஸீமா ஊசியில் கோத்துத் தந்தாள். மெஷின்காரர்கள் ஒவ்வொருவராக மிதிப்பதை நிறுத்திவிட்டார்கள். முதல் காஜா முடிந்தது. கோணல் இல்லை, ஆனால் என் பழைய காஜா இல்லை. இரண்டாவது கொஞ்சம் பரவாயில்லை. கண் எரிந்தது; ஊசிமுனையை விரலால் தேடாமல் கண்ணால் தேடுவது அப்படித்தான். மூன்றாவதில் பாதி போயிருப்பேன்.

"ஆ!" என்றேன்.

கையை உதறினேன். இடது ஆள்காட்டி விரல் நுனியில் ஒரு சொட்டு. வெள்ளைத் துணியிலும் ஒரு புள்ளி.

பெரிய மச்சான் எழுந்தே விட்டார். "போதும்ளா, போதும். ரத்தத்தைப் பாரு. நான் சொன்னேன்லா? எதுக்கு இந்த வீம்பு?"

எனக்குச் சிரிப்பு வந்தது. கண்ணில் தண்ணீரும் வந்தது. அவருக்கு எப்படி விளங்கவைப்பது? முன்பும் ரத்தம் வந்தது, குர்தா முழுக்க வந்தது, அன்றைக்கு நான் 'ஆ' என்று சொல்லவில்லை. அதை இவர் விளங்கிக்கொண்டார். திரும்பி நின்று கண்ணைத் துடைப்பது தெரிந்தது.

இதை எழுதும்போதும் இடது சுண்டுவிரலில் உணர்வு இல்லை. பாதம் பாதிதான் திரும்பியிருக்கிறது. செருப்புக்குப் பின்வார் வைத்துத்தான் நடக்கிறேன். விரல் திரும்பியது ஊசியாலா, காலத்தாலா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. டாக்டரம்மாவும் மார் தட்டவில்லை. இதே நோயில் இருப்பவர்கள் உங்கள் பெரிய டாக்டரைக் கேட்காமல் எதையும் செய்யாதீர்கள். இதை எழுதியது கை உயிரோடு இருப்பதைச் சொல்லத்தான்.

அன்றைக்கு நடந்த மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். துணியில் விழுந்த சொந்த ரத்தத்துக்குச் சொந்த எச்சில்தான் மருந்து என்பது தையல்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். நூல் துண்டை வாயில் மென்று அந்தப் புள்ளியில் வைத்துத் தேய்த்தேன், மறைந்தது. நஸீமா தன் பெரிய வாப்பாவைத் தாண்டி ஓடிவந்து என் முன்னால் மண்டியிட்டாள். அந்த விரலைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"சுள்ளா, சுரீராம்மா?"

பெரிய மச்சான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சுள்" என்றேன். "நல்லா சுள்ளுனு இருக்குளா."

பிறகு அவரிடம் சொன்னேன்: "உக்காருங்க மச்சான். இன்னும் ஒன்னரைக் காஜா பாக்கி இருக்கு."